பாம்பன் கரைப் படகுத்துறையில் பாம்பும் பறவையும் ஆமையும்: என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது

பாம்பன் தெற்குவாடிப் பக்கம் ஒரு விசைப்படகும் இரண்டு வள்ளங்களும் ஒரு சிறிய மரத்துறையும் வைத்திருக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டிருப்பது இது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து வலையைப் பிரித்தபோது உள்ளே ஒரு சுருட்டைவிரியன் கிடந்திருக்கிறது. அதற்கு அடுத்த வாரம் மடியோடு, அதாவது விசைப்படகு இழுக்கும் பை போன்ற வலையோடு, வந்த கடற்பாம்பை வேலையாள் ஒருவர் வெறுங்கையால் எடுத்து எறிந்திருக்கிறார். எலி வயரைக் கடிக்கிறது, பருந்தும் கடற்காகமும் படகுக் கூரையை எச்சத்தால் நிரப்புகின்றன, வலையில் ஆமை சிக்கினால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. வெளிநாட்டில் படகுத்துறை மேல் ஏறிப் படுக்கும் கடற்சிங்கங்களைத் தண்ணீர் பீய்ச்சி விரட்டும் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, மின்கம்பியோ மருந்தோ பெரிய விளக்கோ வைத்து எல்லாவற்றையும் ஒரேயடியாக விரட்ட வழி உண்டா என்று அவர் கேட்கிறார்.

இந்தக் கரையில் முதலில் படகில் சென்றவனாகவும், பிறகு மீன் இறங்குதளங்களில் பாதுகாப்பு முறைகளைச் சொல்லித் தருபவனாகவும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒரேயடியாக விரட்ட வழி இல்லை. ஆனால் நீங்கள் அடுக்கியிருக்கும் தொல்லைகளில் பெரும்பகுதி, துறையை வைத்திருக்கும் விதத்தை மாற்றினாலே இரண்டு மூன்று மாதங்களில் குறைந்துவிடும். துறைக்குத் தானாக வரும் உயிர் வேறு, நம் வலை கொண்டுவந்து போட்ட உயிர் வேறு. முதல் வகை இரைக்கும் ஒதுங்கிடத்துக்கும் வருகிறது, அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் வராது. இரண்டாம் வகை தன் விருப்பத்தால் வந்ததல்ல, அதை உயிரோடு கடலுக்குத் திருப்பி அனுப்புவதுதான் நம் வேலை. உங்கள் கேள்வியில் இந்த இரண்டும் கலந்து கிடப்பதால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து தேடத் தோன்றுகிறது.

நீங்கள் பார்த்த கடற்சிங்கக் கதையே இதற்குச் சான்று. சான் பிரான்சிஸ்கோ நகரில் 39-ஆம் எண் துறையின் மிதவை மேடைகளில் 1990 ஜனவரியில் கடற்சிங்கங்கள் நூற்றுக்கணக்கில் வந்து ஏறின. விரிகுடாவில் ஹெர்ரிங் மீன் நிறைந்திருந்தது, மேடைகள் ஏறிப் படுக்க வசதியாக இருந்தன, பகை விலங்குகளும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. இரையும் இடமும் பாதுகாப்பும் ஒன்றாகக் கிடைத்த அந்த மேடைகளை அவை விடவில்லை. கடைசியில் படகுகளைத்தான் வேறு பக்கம் கட்ட வேண்டியதாயிற்று. நம் கரையில் கடற்சிங்கம் கிடையாது, ஆனால் கணக்கு அதேதான். நம் துறையில் சங்காயம், அதாவது வலையில் வரும் விலைபோகாத சிறு மீன், இரையாகிறது, வலைக்குவியல் ஒதுங்கிடமாகிறது, ஐஸ் உருகி ஓடும் நீர் வறண்ட மாதங்களில் எலிக்கும் பாம்புக்கும் நாய்க்கும் குடிநீராகிறது.

மின்கம்பியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள். உப்புநீரில் நனைந்த மரப்பலகையில், ஈரக் காலோடு, இருட்டில், ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் நடக்கும் இடம் அது. அங்கே கம்பியில் மின்சாரம் விட்டால் முதலில் அடிபடுவது மனிதராகத்தான் இருப்பார். மருந்தும் அப்படியே. மண்ணெண்ணெய், பினாயில், பிளீச்சிங் பவுடர், பூண்டுக் கரைசல் என்று பாம்பை விரட்டுவதற்காகக் கரையில் தெளிப்பவை எதுவும் பாம்பைத் தடுப்பதில்லை. தெளித்து முடித்த பிறகு பயம் போய்விடுகிறது, கையை வலைக்குள் தைரியமாக விடுகிறோம் என்பதே அவற்றால் விளையும் கேடு.

இனி வலைக்குவியலுக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் விரியன் அங்கேதான் இருந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. வலையை அலசாமல், மீன் செதிளும் நண்டுக்காலும் ஒட்டியிருக்க, அப்படியே சுருட்டி வாடியின், அதாவது வலையும் சாமானும் வைக்கும் கரைக் கொட்டகையின், ஓலைச்சுவர் ஓரம் குவித்துவிட்டு நாம் போய்விடுகிறோம். முதல் வாரத்தில் பூச்சியும் கரப்பானும் வருகின்றன, அவற்றைத் தேடிப் பல்லியும் எலியும் வருகின்றன, எலிக்குப் பின்னால் பாம்பு வருகிறது. வெளியே மணல் கொதிக்கும் மாதத்தில் வலையின் நடுவே நிழலும் குளிர்ச்சியும் இருப்பதால் அது அங்கேயே தங்கிவிடுகிறது. சுருட்டைவிரியன் நம் மணற்பாங்கான கரைக்கு மிகவும் ஏற்ற பாம்பு. ஒன்றரை அடிக்கு மேல் பெரும்பாலும் வளராது, நிறம் மணலோடும் பழைய கயிற்றோடும் கலந்துவிடும், பகலில் சுருண்டு கிடந்து இரவில் நடமாடும். சீண்டினால் உடல் மடிப்புகளை ஒன்றோடொன்று தேய்த்து, வாணலியில் எண்ணெய் பொரிவதைப் போன்ற ஓர் ஒலி எழுப்பும். அந்த ஒலி கேட்டால் வலையை அப்படியே விட்டுவிட்டுப் பின்வாங்குங்கள்.

தடைக்காலத்துக்கு வலையை வைக்கும்போது நன்னீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, தரையில் குவிக்காமல் இரண்டு கட்டைகளுக்கு இடையே மூங்கிலோ இரும்புக் குழாயோ போட்டு முழங்கால் உயரத்துக்குக் குறையாமல் தொங்கவிடுங்கள். வலைக்கும் சுவருக்கும் இடையே ஓர் ஆள் நடந்துபோகும் இடைவெளி இருக்கட்டும், அப்போதுதான் விளக்கடித்து அடிப்பக்கம் முழுவதையும் பார்க்க முடியும். வாடியைச் சுற்றிப் பத்தடி தூரத்துக்கு உடைந்த பெட்டி, பழைய மிதவை, பனை ஓலை, கிழிந்த தார்ப்பாய் எதுவும் கிடக்கக் கூடாது. ஜூன் மாதத்தில் வலையைப் பிரிக்கும் நாளில் முதலில் நீண்ட கம்பால் குவியலை நாலு பக்கமும் தட்டிவிட்டு, சிறிது நேரம் காத்திருந்து, கம்பின் கொக்கியால் இழுத்துப் பிரியுங்கள். பாம்புக்கு நம் பேச்சு சரியாகக் கேட்காது, அதிர்வு நன்றாகத் தெரியும், வழி இருந்தால் அது போய்விடும். கையுறையை நம்பி முதலில் கையை விடுபவர்களே இந்த வேலையில் கடிபடுகிறார்கள்.

பாம்பே வலையில் சிக்கிக் கிடப்பதும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தங்கச்சிமடத்தில் ஒரு வாடியில் தங்கூசி எனும் மெல்லிய நைலான் நரம்பு வலைக்குள் தலையை விட்ட சாரைப்பாம்பு ஒன்று முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் நான்கைந்து கண்ணிகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிடந்தது. செதிளுக்கு அடியில் நரம்பு புதைந்துவிட்டதால் வெளியிலிருந்து பார்த்தால் நரம்பே தெரியவில்லை. பாம்பு பிடிக்கப் பயிற்சி பெற்றவர் வந்து தலையைக் குழாய்க்குள் விடச் செய்து பிடித்துக்கொள்ள, முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோலால் வால் பக்கமிருந்து ஒவ்வொரு கண்ணியாக வெட்டினோம். முடிந்தது என்று நினைத்த பிறகும் விரலால் தடவிப் பார்த்தபோது கடைசியாக ஒரு வளையம் மிச்சமிருந்தது. அந்த ஒரு வளையத்தோடு விட்டிருந்தால், உடல் பருக்கப் பருக்க நரம்பு உள்ளே அறுத்து அது சில மாதங்களில் செத்திருக்கும். சாரை நஞ்சில்லாதது, எலியைத் தின்பது, துறைக்கு நன்மை செய்வது. ஆனால் எந்தப் பாம்பு என்று உறுதியாகத் தெரியாதவர் இந்த வேலையில் இறங்கக் கூடாது. வலையின் அந்தப் பகுதியை மட்டும் அகலமாக வெட்டி எடுத்து நிழலில் வைத்துவிட்டு, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லி அனுப்புவதே சரி. ஒரு முழ வலை போனால் அரை நாளில் முடிந்துகொள்ளலாம்.

கடற்பாம்பைப் பற்றி இதைவிட விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் கரையில் அதைப் பற்றி இருக்கும் அலட்சியம் எனக்குக் கவலை தருகிறது. "தண்ணிப் பாம்பு கடிக்காது" என்று பலரும் சொல்வதை நானே சிறு வயதில் நம்பியிருந்தேன். அது எளிதில் கடிக்காது என்பது உண்மை. ஆனால் மடிக்குள் மீன் பாரத்தில் நசுங்கி, மூச்சுக்குத் திணறி, தளத்தில் கொட்டப்பட்ட பாம்பின் நிலை வேறு. ஒரு நாள் விடியும் முன் ஏலத்துக்கு முன்பாகச் சங்காயத்தைத் தார்ப்பாயில் கொட்டிப் பெண்கள் நால்வர் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கையில் பிடித்த செல்போன் வெளிச்சத்தில் ஒருவர் காரல் மீனையும் சிறு நண்டையும் ஒதுக்கிக்கொண்டே கையை உள்ளே விட்டபோது, சாம்பல் நிறத்தில் மங்கிய பட்டைகளோடு கயிறு போல ஒன்று மீனுக்கு நடுவே மெல்ல நெளிந்தது. விலாங்கு என்று நினைத்து அவர் அதைப் பிடிக்கப் போனார். நான் பார்த்தது வாலைத்தான். பாம்பின் வால் கூர்ந்து முடியாமல் துடுப்பு போலப் பக்கவாட்டில் தட்டையாக இருந்தது. "அக்கா, கையை எடுங்க" என்று சொல்லி நிறுத்தியபோது அவர் விரலுக்கும் அதன் தலைக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை.

அந்த வால்தான் அடையாளம். விலாங்குக்கு முதுகோரம் நீளத் துடுப்பும் தலைக்குப் பின்னால் செவுளின் துளையும் உண்டு, உடல் வழுவழுப்பாக இருக்கும். கடற்பாம்புக்குச் செதிள் உண்டு, செவுள் கிடையாது, நுரையீரலால்தான் மூச்சு விடுகிறது, மூக்குத்துளை மேல்நோக்கி இருக்கும். அதனால்தான் நீண்ட நேரம் இழுக்கும் மடியில் அது மூழ்கி மயங்கிவிடுகிறது. செத்துவிட்டது என்று நாம் நினைக்கும் பாம்பு தளத்தில் சிறிது நேரம் கிடந்த பிறகு மீண்டும் அசைவதும் இதனால்தான். ஆகவே அசையாத கடற்பாம்பையும் உயிருள்ளதாகவே எண்ணிக் கையாள வேண்டும்.

கடித்தால் வலி இருக்காது, இதுதான் பெரிய ஆபத்து. முள் குத்தியதைப் போல ஓர் உணர்வும் ஒன்றிரண்டு சிறு புள்ளிகளும்தான் இருக்கும், வீக்கமும் வராது. அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் கழுத்தும் தொடையும் வலிக்கும், தசை இறுகும், கண் இமை தொங்கும், விழுங்கச் சிரமமாகும், சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் இறங்கும். நஞ்சு தசையைச் சிதைப்பதால் அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைக்கிறது, மூச்சுத் தசைகளும் செயலிழக்கின்றன. எல்லாக் கடியிலும் நஞ்சு இறங்குவதில்லை, ஆனால் இறங்கியதா என்பதைக் கரையில் நின்று யாராலும் சொல்ல முடியாது. நம் மருத்துவமனைகளில் இருக்கும் நஞ்சுமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய 4 பாம்புகளின் நஞ்சுக்கானது, கடற்பாம்புக் கடிக்கு அது வேலை செய்யாது. செயற்கைச் சுவாசமும் சிறுநீரகச் சுத்திகரிப்பும்தான் ஆளைக் காப்பாற்றுகின்றன. ஆகவே அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே 108-ஐ அழைத்து, அந்த வசதிகள் உள்ள மருத்துவமனைக்கு, அதாவது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மருத்துவர் சொன்னால் மதுரைக்கோ போக வேண்டும். பாம்பனிலிருந்து ராமநாதபுரம் 40 கிலோமீட்டருக்கு மேல், சாலை வழியென்றால் 1988-இல் திறந்த அந்த ஒரு பாலத்தைத்தான் கடக்க வேண்டும். மந்திரிக்கப் போய் இழக்கும் ஒரு மணி நேரத்தை அந்தச் சாலையில் மீட்க முடியாது.

எந்தப் பாம்பு கடித்தாலும் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கூடாது. மோதிரம், காப்பு, அரைஞாண் போன்றவற்றைக் கழற்றி, கடிபட்ட கைகாலை முறிந்த எலும்புக்குக் கட்டுவது போல அசையாமல் வைத்து, ஆளை நடக்க விடாமல் கொண்டுபோக வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய் ஆகிவிட்டது, தனியார் மருத்துவமனையும் அதைப் பதிவு செய்தாக வேண்டும். உங்கள் வேலையாளைப் பொறுத்தவரை, எறிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகி எந்தத் தொந்தரவும் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால் இனி அச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் அவரைத் திட்ட வேண்டாம். நீண்ட காம்புள்ள கைவலை ஒன்றைத் தளத்திலேயே எட்டும் இடத்தில் மாட்டி வையுங்கள், இருந்தால்தான் அவர் எடுப்பார். கடற்பாம்பை அதில் வாரி, கடலிலேயே விட்டுவிடலாம். துறைக்கு வந்த பிறகு தென்பட்டால் மண்வெட்டியாலோ துடுப்பாலோ மெல்லத் தள்ளி நீரில் இறக்கினால் போதும். தரையில் அதனால் ஊர முடியாது, நம்மைத் துரத்தாது, அடித்துக் கொல்ல எந்தத் தேவையும் இல்லை.

திருக்கையும் கெளிறும் காட்டுவிலங்குக் கணக்கில் வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தளத்தில் மிகுதியாகக் காயம் செய்பவை அவைதான் என்பதால் ஒரு வார்த்தை. முள் குத்தினால் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில், ஏறத்தாழ 45 டிகிரியில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காயத்தை வைத்திருந்தால் வலி அடங்கும், ஏனென்றால் அந்த நஞ்சு சூட்டில் சிதையக்கூடியது. சூட்டைக் காயம்படாத கையால் பார்த்துவிட்டு வையுங்கள், குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பறவைகள் வருவதற்குக் காரணம் படகின் கூரை அல்ல, துறையிலும் அருகிலும் காயப்போடும் சங்காயம். கோழித்தீவனத்துக்குப் போகும் இந்த மீனைத் திறந்த மணலில் பரப்பினால் காகமும் செம்பருந்தும் கரும்பருந்தும் வரத்தான் செய்யும். வாடைக்காற்று மாதங்களில் வடக்கிலிருந்து வந்து சேரும் கடற்காகங்களும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. காயும் மீனுக்கு மேலே நிழல்வலையை நன்கு இழுத்துக் கட்டுங்கள். தளர்வாகக் கிடந்தால் பறவை கால் சிக்கிச் செத்துப்போகும், அந்தப் பிணத்துக்கு நாய் வரும். படகுக் கூரையின் மேல் முக்கால் அடி உயரத்தில் தடித்த கயிறுகளை ஒரு முழ இடைவெளியில் குறுக்காகக் கட்டினால் பெரிய பறவைகள் சிறகை மடித்து இறங்க இடமில்லாமல் வேறு பக்கம் போகின்றன. தங்கூசி நரம்பைக் கட்டாதீர்கள், பறவையின் கண்ணுக்கு அது தெரியாது. எச்சம் வண்ணப்பூச்சை அரிக்கும் என்பதால் காய்வதற்கு முன் அன்றன்றே கடல்நீரால் கழுவிவிடுவது நல்லது.

கரையில் தூண்டில் போடுபவர்கள் அறுந்த நரம்பையும் முள்ளையும் துறையிலேயே விட்டுச் செல்வதுதான் பறவைகளுக்குப் பெரிய கேடு. மண்டபம் வடக்குத் துறையில் ஒரு மாலை, சிறகில் தூண்டில் முள் ஏறிய கடற்காகம் ஒன்று நங்கூரக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. ஈரத் துண்டை அதன் மேல் போட்டு மூடியதும் துடிப்பு அடங்கியது. ஒருவர் அலகை மூக்குத்துளை அடையாதபடி இரு விரலால் பிடித்துக்கொள்ள, நான் முள்ளை வந்த வழியே இழுக்காமல் முன்னோக்கித் தள்ளி நுனியை வெளியே கொண்டுவந்து, கட்டிங் பிளேயரால் எதிர்முள்ளை நறுக்கிவிட்டுத் தண்டைப் பின்னால் உருவினேன். வந்த வழியே இழுத்திருந்தால் சிறகுச் சவ்வு கிழிந்திருக்கும். நரம்பை மட்டும் அறுத்துவிட்டு முள்ளோடு பறக்கவிடுவதும் உதவி ஆகாது, தொங்கும் நரம்பு அடுத்த பனைமட்டையில் சிக்கும். முள் விழுங்கப்பட்டிருந்தால் நாம் தொடாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். துறையின் இரு முனைகளிலும் மூடியுள்ள ஒரு பழைய கேனை நரம்புக்கென்றே கட்டிவிடுங்கள், செலவே இல்லாத வேலை அது.

எலிக்கு நஞ்சு வைப்பதை நான் ஏற்பதில்லை. நஞ்சு தின்ற எலி உடனே சாவதில்லை. தள்ளாடித் திரியும் அந்த எலியைப் பருந்தும் கீரியும் சாரையும் தின்கின்றன, அப்போது எலியைக் குறைத்துத் தரும் உயிர்கள் முதலில் போய்விடுகின்றன. படகுக்கு எலி கட்டுக்கயிற்றில்தான் ஏறுகிறது. கப்பல்களில் செய்வதைப் போலத் தகரத்தை முறம் அளவுக்கு வட்டமாக வெட்டி, நடுவே துளையிட்டு, கயிற்றில் கரைக்கும் படகுக்கும் நடுவில் மாட்டிவிட்டால் அதைத் தாண்ட அதனால் முடியாது. அரிசி, கருவாடு, சமையல் எண்ணெய் ஆகியவற்றைக் கரையில் நிற்கும் படகில் விட்டுவைக்காதீர்கள். எலி நடமாடிய தளத்தைக் கழுவும்போது காலில் புண் இருந்தால் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். நாய்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். மீன் குடலை நீரோரத்தில் கொட்டும் துறையில் நாய்க்கூட்டம் பெருகும், பெருகிய கூட்டம் இரவில் ஆமை முட்டையைத் தோண்டும். கழிவை மூடிய தொட்டியில் சேர்த்தால் இரண்டுக்கும் அதுவே தீர்வு.

ஆமையைப் பற்றி நீங்கள் கடைசியில் ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு அது முதல் கேள்வியாகவே படுகிறது. பாக் நீரிணையின் கடற்புல் மேயும் பேராமையும், முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமையும் நம் வலைகளில் சிக்குகின்றன. ஆமையும் பாம்பைப் போல நுரையீரலால் மூச்சு விடுவது, ஆகவே மடியில் வந்த ஆமை பெரும்பாலும் நீர் குடித்து மயங்கியிருக்கும். அதைச் செத்ததாக எண்ணிக் கடலில் எறிந்தால் அப்போதுதான் உண்மையில் சாகும். மல்லாத்தாமல் இயல்பாக வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பகுதியை அரையடிக்குக் குறையாமல் உயர்த்தி, நிழலில், ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். மூக்கின் மேல் துணி படக் கூடாது, தலையில் நீர் ஊற்றவும் கூடாது. நுரையீரலில் இருக்கும் நீர் மெல்ல வடியும். நான்கு மணி நேரம் முதல் ஒரு முழு நாள் வரைகூட ஆகலாம். அவ்வப்போது இமையோரத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள், இமை சுருங்கினால் உயிர் இருக்கிறது. தெளிந்து தலையைத் தூக்கித் துடுப்புகளை அடிக்கத் தொடங்கியதும், எஞ்சினை நியூட்ரலில் வைத்து, வலை இல்லாத பக்கத்தில், தலை முன்னாகக் கடலில் நழுவவிட வேண்டும். துடுப்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், மூட்டு விலகிவிடும். ஓட்டின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் பிடித்து இருவர் தூக்க வேண்டும்.

ஆவுளியா எனும் கடற்பசு நம் துறைக்கு வருவது மிக அரிது. ஆனால் கடற்புல் பரப்பின் மேல் துறையிலிருந்து வேகமாகப் புறப்படும் படகின் விசிறி அதற்கு எமன். ஆழம் குறைந்த பகுதியைத் தாண்டும் வரை மெதுவாகப் போவது விசிறிக்கும் நல்லது, அதற்கும் நல்லது. வலையில் சிக்கினால் ஆமையைவிட விரைவாகச் செயல்பட வேண்டும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கும் விலங்கு அது. வலையை அறுக்கத் தயங்காதீர்கள். இப்படி விடுவித்த மீனவர்களை வனத்துறை பாராட்டிப் பரிசளித்திருக்கிறது, மறைக்க வேண்டிய செயல் அல்ல அது.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். கடலாமைகளும் ஆவுளியாவும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. அவற்றைப் பிடிப்பதற்கும் கொல்வதற்கும் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001 முதல் தடையில் இருக்கின்றன, சங்காயத்தோடு வந்தாலும் ஒதுக்கி வைக்காமல் கடலிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். நம் துறைக்கு எதிரே தெரியும் குருசடைத் தீவு முதல் தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக இருப்பதால், காயம்பட்ட எந்த உயிரையும் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் மண்டபம் வனச்சரக அலுவலகம். அதன் தொலைபேசி எண்ணையும் 108-ஐயும் வாடிச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். இறந்து ஒதுங்கிய ஆமையைக்கூட நீங்களே புதைத்துவிடாமல் தகவல் சொல்லுங்கள். எதனால் இறந்தது என்று பார்ப்பது அவர்கள் வேலை, பயந்து மறைத்தால்தான் நம் மேல் சந்தேகம் வரும்.

கடைசியாக, விலங்குகளை அச்சுறுத்தக் கடலைப் பார்த்துப் பெரிய விளக்கு போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விளக்கைப் பார்த்துப் பாம்பு பயப்படாது. பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், முன்பு சொன்ன வரிசை மறுபடி தொடங்கும். அதைவிடப் பெரிய கேடு ஆமைக்குஞ்சுகளுக்கு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இட்ட முட்டைகள் ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதத்துக்குள் பொரிகின்றன. இரவில் மணலிலிருந்து மேலே வரும் குஞ்சு வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நம்பி நடக்கிறது. துறை விளக்கின் அடியில் விடியும் வரை சுற்றிச் சுற்றி நடந்து, சிமென்ட் தரையில் காய்ந்து கிடந்த குஞ்சுகளை நான் உள்ளங்கையில் எடுத்திருக்கிறேன், ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை. வேலைக்கு வெளிச்சம் வேண்டும்தான். விளக்கை இடுப்பு உயரத்தில், தரையைப் பார்த்து, மேலே தகர மறைப்போடு, மஞ்சள் நிறத்தில் பொருத்துங்கள். ஜனவரி முதல் ஜூன் வரை, ஏலம் முடிந்ததும் கடல் பக்கத்து விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள்.